கைக்குட்டை மறைந்த மத்தியானம்

சந்தனராஜ் சின்ன வயதில் பார்த்த முதல் ரத்தம் சாயத் தண்ணீர். ஆவூர் பக்கத்தில் அவருடைய ஊரில் ஈஸ்டரை ஒட்டி, சேசு சிலுவையில் அறையப்பட்டதை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். அவருடைய அப்பாவுக்கு வருஷம் தவறாமல் ஒரே வேஷம்தான்: சேசுவைச் சாட்டையால் அடிக்கிற படைவீரன். துணியை முறுக்கிச் செய்த சாட்டையைச் சிவப்புச் சாயத்தில் முக்கி ஓங்கி வீசினால், வெள்ளை அங்கியில் பட்டை பட்டையாக ரத்தம் கட்டினது போல விழும். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். ஒரு வருஷம் அழுகை எல்லை மீறிப் போய், கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓட்டுச் சில்லை எடுத்து மேடையைப் பார்த்து எறிந்துவிட்டாள். அது அப்பாவின் புருவத்தைக் கிழித்தது. அவர் நாடகத்தை நிறுத்தவில்லை. ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு மறு கையால் அடித்துக்கொண்டே இருந்தார்.

மேடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த சந்தனராஜுக்கு இரண்டு ரத்தமும் தெரிந்தது. சாயம் பளிச்சென்று இருந்தது. அப்பாவின் ரத்தம் கறுத்து, மூக்கோரமாக மெதுவாக வழிந்தது. கூட்டம் சாயத்தைப் பார்த்துத்தான் அழுதது. அப்பாவைப் பார்த்து, "நல்லா வேணும்டா ஒனக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

மேஜிக் மேல் எப்படி ஆசை வந்தது என்று கேட்கிறவர்களிடம் அவர் இந்தக் கதையைத்தான் சொல்வார். கேட்டவர்களுக்குச் சம்பந்தம் புரியாது. அவரும் விளக்க மாட்டார்.

வளர்ந்து ஐ.டி.ஐ. முடித்து, புதுக்கோட்டையில் பிரிட்ஜ் மெக்கானிக் ஆனார். சோபியாவைக் கட்டினார், ஜெனிஷா பிறந்தாள். பைக்கில் தொங்கும் பையில் ஒரு பக்கம் ஸ்பேனர், கேஸ் மீட்டர், டெஸ்டர்; இன்னொரு பக்கம் பட்டுக் கைக்குட்டை, கயிறு, ஸ்பாஞ்சுப் பந்து. பங்குக் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். அது தொழிலாகிவிடும் என்று பயம்.

மேடை ஏறியதும் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான். "இது மந்திரம் இல்லீங்க, வித்தை. நான் பிரிட்ஜு ரிப்பேர் பாக்குறவன். ஒங்களை ஏமாத்தப் போறேன், உஷாரா இருங்க." எல்லாரும் சிரிப்பார்கள். கடைசியில் சாமான்களை மூட்டை கட்டும்போது யாராவது ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "பேரப்புள்ளைக்கு ராத்திரியில தூக்கித் தூக்கிப் போடுது தம்பி, ஒரு கயிறு மந்திரிச்சுத் தாங்க" என்று கையைப் பிடிக்கும்.

இது அவருக்குத் தீராத ஆச்சரியம். சினிமாவில் மந்திரவாதி என்றால் கண்ணுக்கு மை அப்பி, மண்டை ஓட்டை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறவன்; கிளைமாக்சில் கதாநாயகன் கையால் சாகிறவன். சீரியலில் கெட்ட மாமியார் எலுமிச்சம்பழத்தோடு தேடிப் போகிற ஆள். கரண்டு பில் கட்டுகிற மந்திரவாதியை, மகளை டியூஷனில் விடுகிற மந்திரவாதியை ஜனங்கள் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அதனால் சந்தனராஜ் என்ன சொன்னாலும் அவர்கள் மனசில் அந்த மண்டை ஓட்டுக்காரன்தான் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

இன்னொன்றும் கவனித்திருந்தார். பூ வரவழைத்தால் கை தட்டுவார்கள். கத்தியை எடுத்தால் மூச்சை நிறுத்துவார்கள். முன்பு தொப்பியிலிருந்து சாக்லேட் வந்தால் குதித்த பிள்ளைகள், போனில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட்டு இப்போது, "அங்கிள், கழுத்த வெட்டுவீங்களா?" என்று கேட்டார்கள். கழுத்துக்குப் பதில் கையை வெட்டினார். கையை நுழைத்து வெட்டும் மரச்சட்டம் ஒன்று அவரே செய்து வைத்திருந்தார். கேரட் துண்டாகும், கை துண்டாகாது. பெரிய பெட்டியில் ஆளைப் படுக்க வைத்து ரம்பத்தால் அறுக்கும் ஐட்டத்தையும் ஒரு பங்குத் திருவிழாவுக்காகத் தயார் செய்தார். பெட்டியில் படுக்கச் சொல்லி சோபியாவைக் கேட்டார்.

"எல்லா எடத்துலயும் ஏன் பொம்பளயவே அறுக்குறீங்க?" என்றாள் சோபியா.

"அதான் வழக்கம். அப்பதான் ஜனம் பதறும்."

"பதறுதா, ரசிக்குதா? நீங்க படுங்க. நான் அறுக்குறேன்."

விளையாட்டு என்றுதான் நினைத்தார். அவள் விடவில்லை. அந்தத் திருவிழாவில் சந்தனராஜ் பெட்டிக்குள் படுத்தார். சோபியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்து அறுத்தாள். பெண்கள் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு எழும்பியது. "நல்லா அறுடி! இன்னும் கொஞ்சம் கீழ!" என்று குரல் வந்தது. ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. பெட்டிக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுத்திருந்த சந்தனராஜ், ரம்பம் மரத்தை உரசும் சத்தத்தோடு அந்தச் சிரிப்பையும் கேட்டார். வித்தை என்று நன்றாகத் தெரிந்தும் முட்டியை இன்னும் இழுத்து மடக்கிக்கொண்டார். வெட்டுப்படுகிற ஆளை ஒரு கூட்டத்துக்குப் பிடிக்காமல் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது.

அதற்கு அடுத்த கோடையில் போன்களில் அந்த வீடியோக்கள் வர ஆரம்பித்தன. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, கிட்னியை எடுத்துவிட்டுச் சாலையோரம் போட்டுவிடுகிறார்கள் என்று ஒரு குரல் பேசும். எந்த நாட்டிலோ எடுத்த படம் ஓடும். சோபியா வேலை பார்த்த பள்ளிக்கூடத்து டீச்சர்கள் குரூப்பிலேயே வந்தது. சந்தனராஜ் அவளிடம், "இது வெட்டி ஒட்டுனது. வெளிச்சம் ஒவ்வொரு துண்டுலயும் ஒவ்வொரு பக்கம் விழுது பாரு" என்றார். அதோடு மறந்தும் போனார்.

வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில் மணிமேகலை என்கிற அம்மா பெட்டிக்கடை வைத்திருந்தார். மாவு பாக்கெட், கலர் சோடா, தயிர் விற்கிற கடை; பிரிட்ஜ் நின்றால் வியாபாரம் நின்றது. ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். சந்தனராஜ் போய் ரிலேயை மாற்றி ஓடவிட்டபோது உச்சி வெயில். மணிமேகலை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்று அழுதுகொண்டிருந்தாள். குச்சி ஐஸ் மண்ணில் விழுந்து கரைந்துகொண்டிருந்தது. சந்தனராஜ் வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றத் தோன்றவில்லை. முட்டி போட்டு, அவள் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புப் பந்தை எடுத்தார். ஒன்றை இரண்டாக்கினார். குழந்தை அழுகையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்த மருதாயி கண்டது அதைத்தான். முகம் தெரியாத ஒருவன், தன் மகள் முன்னால் முட்டி போட்டு, மிட்டாய் கொடுக்கிறான். குடம் கீழே விழுந்தது.

"ஐயோ எம்புள்ள! புள்ள புடிக்கிறவன்! ஓடியாங்க, ஓடியாங்க!"

டீக்கடையிலிருந்து முதலில் வந்தவன் லோடு ஆட்டோ ஓட்டுகிற பெரியண்ணன். வந்ததும் வண்டிச் சாவியைப் பிடுங்கினான். இன்னொருவன் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்ததில் சந்தனராஜின் காது கிழிந்தது. என்ன ஏது என்பதற்குள் அறை விழுந்தது.

"எந்த ஊருடா நீ?"

"புதுக்கோட்டைங்க. பிரிட்ஜு பாக்க வந்தேன். மணிமேகலை அம்மா கடைக்கு…"

பையைக் கொட்டினார்கள். ஸ்பேனரோடு சேர்ந்து கயிறு விழுந்தது. ஒன்றோடொன்று முடிந்த கைக்குட்டைகள் விழுந்தன. டப்பாவிலிருந்து வெள்ளைப் பவுடர் சிந்தியது. சின்னத் துணிப் பொம்மை ஒன்று விழுந்தது.

"பிரிட்ஜுக்கு எதுக்குடா பொம்மை?"

"நான் மேஜிக் பண்றவன் சார். அதெல்லாம் மேஜிக் சாமான். பொழுதுபோக்குக்குப் பண்றது."

"மேஜிக்காரனா?" பெரியண்ணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப செய்றா, பாப்போம்."

கூட்டம் வட்டமாக நின்றது. சந்தனராஜ் ஒரு சிவப்புக் கைக்குட்டையை எடுத்தார். அவருக்கு ரொம்பப் பழக்கமான ஐட்டம் அது. தோல் நிறத்தில் ஒரு ரப்பர்க் கட்டைவிரல் உறை சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். அதற்குள் கைக்குட்டையைத் திணித்து, விரலில் மாட்டிக்கொண்டு கையை விரித்தால் யாருக்கும் தெரியாது. இடது கையை மூடினார். கைக்குட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார். ஊதினார். விரித்தார். இரண்டு கையும் காலி. எத்தனையோ மேடையில் செய்த ஐட்டம், இவ்வளவு சுத்தமாக வந்ததே இல்லை.

வாய் பிளந்து, புருவம் ஏறி, எல்லா முகமும் மேடைக்கு முன்னால் அவர் பார்த்துப் பழகிய அதே முகமாக ஆகிவிட்டது. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது என்று பிறகு சோபியாவிடம் சொல்லியிருக்கிறார். தப்பித்தோம் என்று நினைத்தார்.

"கண்ணக் கட்டுறான்டா!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது. "மை வச்சிருக்கான்! இப்புடித்தான் புள்ளைங்கள மயக்கிக் கூட்டிட்டுப் போறானுக! அவன் மூஞ்சியப் பாக்காதீங்க!"

முதுகில் கம்பு இறங்கியது. மண்ணில் குப்புற விழுந்தார். விழுந்த வேகத்தில் ரப்பர் விரல் கழன்று உருண்டது. அதன் வாயிலிருந்து சிவப்புத் துணி ஒரு நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"வெரலு! அய்யய்யோ, புள்ள வெரலுடா!"

"ரப்பருங்க! ரப்பரு! தொட்டுப் பாருங்க!" என்று அவர் கத்தினார். தொட்டுப் பார்க்க யார் இருந்தார்கள்? அதற்கு மேல் அடி எங்கிருந்து விழுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. செருப்புக்கால் வாயில் மிதித்தது. பல் நாக்கில் உடைந்து கிடந்தது. விலாவில் ஒரு உதை, அதே இடத்தில் இன்னொரு உதை. அவருடைய கயிற்றை எடுத்தே அவரை டேங்க் தூணில் கட்டினார்கள். பெரியண்ணன் அவருடைய ஸ்பேனரைப் பொறுக்கி எடுத்தான்.

"எந்தக் கையிலடா மை வச்சிருக்க? இந்தக் கையிலயா?"

தூணோடு வைத்து இடது மணிக்கட்டில் அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் வலிக்கு முன்னால் வந்தது. இரண்டாவது அடிக்குக் கை தனியாகத் தொங்கியது. தலையிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடிவிட, மற்ற கண்ணால் பார்த்தார். அடித்தவர்களைவிடப் படம் எடுத்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். கைகள் எல்லாம் தலைக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்திருந்தன. ஒருவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "மாமா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க, மொகம் தெரியல."

தன் சாவு ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது, இவர்கள் முடிவைப் பார்க்காமல் போகமாட்டார்கள் என்று சந்தனராஜுக்குப் புரிந்தது. மாதாவைக் கூப்பிட வாயெடுத்தார். ரத்தக் குமிழிதான் வந்தது.

சத்தம் கேட்டு மணிமேகலை ஓடி வந்தார். "எங்கடைக்கு வந்த தம்பிடா அது! பிரிட்ஜு பாக்க நாந்தான்டா வரச் சொன்னேன்!" யாரோ அவரைத் தள்ளினார்கள். விழுந்தார், எழுந்தார், கூட்டத்துக்குள் தலையை விட்டு முண்டிப் புகுந்தார். பெரியண்ணன் ஸ்பேனரை மண்டைக்கு ஓங்கியிருந்த நேரம், அப்படியே சந்தனராஜைக் கட்டிப் பிடித்து மேலே கவிழ்ந்தார். ஸ்பேனர் அவருடைய தோள்பட்டையில் இறங்கியது.

"அம்மா!" என்று மணிமேகலை அலறினார்.

பெரியண்ணனுக்கு அவர் சித்தி. அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. "சித்தி…" என்றான். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. மணிமேகலை நகரவில்லை. போலீஸ் ஜீப் வரும்வரை, தோள் எலும்பு உடைந்த வலியோடு, அவர்மேல் சாய்ந்தபடியே இருந்தார். கிட்ட வந்தவர்கள் மேலெல்லாம் காறித் துப்பினார்.

ஆஸ்பத்திரியில் சந்தனராஜுக்குக் கையில் தகடு வைத்தார்கள். மூன்று விரல்கள் மடங்கவில்லை. நினைவு தெளிந்து உட்காரும்போது வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. "புதுக்கோட்டை அருகே பிள்ளை பிடிப்பவன் பிடிபட்டான், அதிகம் பகிரவும்" என்ற எழுத்தோடு, பேய்ப்படத்துக்கு வாசிக்கிற மாதிரி ஒரு இசையும் சேர்த்திருந்தார்கள். ஜெனிஷாவின் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அவளிடமே காட்டினார்கள். அவள் அப்பாவை அடையாளம் கண்டது சட்டையை வைத்துத்தான். முகம் அந்த நிலையில் இருந்தது.

சோபியா வேண்டாம் என்று தடுத்தும் அவர் அதை வாங்கிப் பார்த்தார். அழுகை வரவில்லை. வித்தைக்காரன் கண்ணோடு பார்த்தார். "சாமான்களக் கொட்டுனது இருக்கு. வெரலு இருக்கு. கைக்குட்டை ஐட்டம் இல்ல. அந்தம்மா வந்து விழுந்தது இல்ல" என்றார். "எங்க வெட்டணும்னு எவனுக்கோ நல்லாத் தெரிஞ்சிருக்கு சோபியா. என்னைவிடக் கெட்டிக்காரன்."

"பேசாம படுங்க" என்றாள் அவள். போனைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

உடம்பு தேறியது, மனசு தேறவில்லை. தெருவில் குழந்தை எதிரே வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அடுத்த ஈஸ்டருக்குச் சாப்பிட வந்திருந்தான் சோபியாவின் தம்பி ஃபிரெடி. கறிக்குழம்பு பரிமாறிக்கொண்டிருக்கும்போது ஜெனிஷாவைப் பார்த்து, "அப்பாகிட்டப் போகாதடி, பிடிச்சுட்டுப் போயிருவாரு" என்று சிரித்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அசட்டு விளையாட்டு. சந்தனராஜ் எழுந்தது அவருக்கே தெரியவில்லை. சொம்பை எடுத்து மைத்துனன் முகத்தில் ஓங்கி அடித்தார். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, நல்ல கையால் மறுபடியும் மறுபடியும் அடித்தார். மூக்கு உடைந்து குழம்பில் ரத்தம் சொட்டியது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. அதுதான் அவரைப் பின்னால் பயமுறுத்தியது. சோபியா முடியைப் பிடித்து இழுத்து, "இங்க பாருங்க! என்னையப் பாருங்க!" என்று கத்தியபோதுதான் நிறுத்தினார். மூலையில் ஜெனிஷா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மறுநாளே ஃபிரெடி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். பஞ்சு அடைத்த மூக்கோடு வந்த ஃபிரெடி, "உள்ள வாங்க மாமா. தப்பு என்மேலதான்" என்றான்.

"இல்லடா. அடிக்கிறப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. அவங்களுக்கும் அப்புடித்தான் இருந்திருக்கும்" என்றார் சந்தனராஜ். ஃபிரெடி அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். காப்பி கொடுத்து அனுப்பினான்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று எதிர்த்தரப்பு வக்கீல், "கண்ணை ஏமாற்றுவதுதானே உங்கள் பொழுதுபோக்கு? நீங்கள் பார்த்ததாகச் சொல்வதை மட்டும் கோர்ட்டு எப்படி நம்பும்?" என்று கேட்டார்.

"ஏமாத்தப் போறேன்னு மொதல்லயே சொல்லிட்டுத்தான் சார் நான் ஏமாத்துவேன்" என்றார் சந்தனராஜ். பிறகு பெரியண்ணனைக் காட்டினார்.

மணிமேகலையும் சாட்சி சொன்னார். அக்காள் வந்து காலில் விழுந்தும் அவர் பின்வாங்கவில்லை. "அவன் என்னைய அடிச்சதுக்காகச் சொல்லலீங்க. நான் குறுக்க விழலைன்னா அந்தத் தம்பி செத்திருக்கும். அதத்தான் சொல்ல வந்தேன்." அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவர் கடைக்கு வரவில்லை. கடையை மூடிவிட்டு திருமயம் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். சந்தனராஜ் மாதா திருவிழாவுக்குக் கூப்பிட்டால் வருவார். தோள் தூக்க முடியாததால் மற்ற கையால் சாப்பிடுவார்.

பெரியண்ணனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. மற்றவர்கள் விடுதலையானார்கள். தீர்ப்பு வந்த அன்று பெரியண்ணனின் மனைவி கோர்ட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, தண்டனையைக் கேட்டால் வரும் என்று நினைத்திருந்த நிம்மதி சந்தனராஜுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார், கூடவே சோபியாவும்.

அங்கே ஒரு பெண் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். இடுப்பை ஒட்டி ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மருதாயியை அவருக்கு அடையாளம் தெரிந்தது, கோர்ட்டில் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, மொதல்ல கத்துனது நாந்தான்" என்றாள் அவள். "மன்னிச்சுக்கங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா பொய் சொல்ல வரல. இன்னைக்கும் தெரியாத ஆளு எம்புள்ளகிட்டக்க நின்னா நான் கத்தத்தான் செய்வேன்."

சோபியாவுக்கு முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தவளின் கையை சந்தனராஜ் அழுத்தினார். கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

"கத்துங்க தங்கச்சி" என்றார். "புள்ளயப் பெத்தவ கத்தாம என்ன செய்வா? கத்திட்டு, யாரு என்னான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அம்புட்டுத்தான்."

மருதாயி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வல்லத்திராக்கோட்டை பஸ் நகரத் தொடங்கியிருந்தது. "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.